கப்பற் காசும் சேதுக் காசும்

நாணயம் சேர்ப்போர் விரும்பித் தேடுவனவற்றுள் பாய்க்கப்பல் பொறித்த நினைவு நாணயங்களும் அடங்கும். கொலம்பசின் நினைவாக 1892 இல் அமெரிக்கர் வெளியிட்ட அரை டொலர் வெள்ளிக் காசில் ‘சாந்தா மரியா’ என்னும் கப்பல் விளங்குகின்றது. சிக்காகோப் பொருட்காட்சியில் அதனை ஒரு டொலருக்கு விற்றனர். விலைபோகாதவை பின்னர் அரை டொலராகவே மக்கள் கையிற் புழங்கின. நினைவுச் சின்னம் செலவுக் காசானது வேடிக்கையே.

இவை கடந்த காலத்தை நினைவூட்ட எழுந்தவை. தலைமன்னாருக்கு வடக்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கரையிற் கிடைத்த ஈயக் காசுகளோ வேறு தன்மையன. கி.பி. 2 ஆம் நூற்றாண்டுச் சாதவாகனர் காலத்தனவாகிய அவற்றில் இரு பாய்மரக் கப்பலொன்று, முன்னும் பின்னும் உயர்ந்து, பாய்மரம் தாங்கும் கயிறுகளோடு காணப்படுகின்றது. அவை கடல்கடந்த வாணிகத்துக்கென வெளியிடப்பட்டவை என்பர் சிலர். எமக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. பொன்னும் வெள்ளியும் கொணர்ந்த உரோம வணிகன் ஈயக் காசை ஏற்பானோ? கரையோரச் சந்தையில் மீனுக்கும் உப்புக்கும் கைமாறிய சில்லறையே அது எனல் தகும். அதிற் கண்ட கப்பல், அம்மக்கள் நாளும் துறையிற் கண்டதே.

இனி, எம் கரைக்கு வருவாம். சேதுவைக் காத்தும் முத்துக்குளிப்பால் வருவாய் பெற்றும் ஆண்டோர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள். அவர்தம் சேது நாணயங்களில் நாம் காண்பது கப்பலன்று. படுத்திருக்கும் நந்தியும் அதன்கீழ்ச் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லுமே. கப்பலின்றியே அச்சொல் கடலைச் சுட்டிநின்றது. இக்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன என முன்னர்ச் சிலர் கொண்டனர். அவை வட இலங்கையில் மிகுதியாகக் கிடைப்பது, யாழ்ப்பாண அரசருடையனவே என்னும் முடிவுக்குத் துணையாயிற்று.

ஆகவே காசின் உருவம் பாதிச் சான்றே. கிடைத்த இடமே மறுபாதி. மன்னார்க் கரையில் இது பெரிதும் கருதத்தக்கது. தீவுக்கு எதிரேயுள்ள மாந்தையில் 1980 இல் தொடங்கிய அகழாய்வு 1984 இல் போரால் நின்றது. மழை கழுவிய மணலில் காசு கண்டெடுப்பவர் அதனைப் புளியிட்டுத் துலக்கி வணிகரிடம் கொடுத்துவிடின், எழுத்தும் தேயும், இடமும் மறையும். நம் மாணவர் எவர்க்கேனும் அத்தகைய காசு கிட்டுமாயின், அதனைத் துலக்காது, கண்ட இடத்தையும் நாளையும் ஆழத்தையும் தாளில் எழுதித் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும்.