சலிக்கத் தெரியும், பொறுக்கத் தெரியாது

நன்னீரில் மிதக்கும் சிற்றுயிர்களுக்கு நாக்கு உண்டா? அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் டிமாட் இதைச் சோதிக்க அவற்றுக்கு ஒரு பொய் விருந்து வைத்தார். விருந்தில் இருந்தவை நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள். சிலவற்றில் பாசியின் சுவை ஏற்றியிருந்தார். மற்றவை வெறும் மணிகள். துடுப்புக்காலிகள் என்னும் சிற்றுயிர்கள் சுவையுள்ளவற்றைப் பொறுக்கித் தின்றன, வெற்று மணிகளை ஒதுக்கின. டாஃப்னியா என்ற இன்னொரு சிற்றுயிருக்கு எல்லாம் ஒன்றுதான். வந்ததை எல்லாம் விழுங்கியது. 1986இல் இந்த முடிவு வெளியானது.

வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு டாஃப்னியா பழக்கமான பெயர். மீன்குஞ்சுகளுக்கு உயிர் இரையாகப் போடுவார்கள். ஓரிரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தின்ற பாசி குடலில் பச்சைக்கோடாகத் தெரியும். இரண்டு மடல் ஓட்டுக்குள் அதன் கால்கள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கின்றன. நடப்பதற்காக அல்ல, தண்ணீரை உள்ளே இழுப்பதற்காக. கால்களில் உள்ள மயிர்கள் சல்லடையாகி, சிக்கியதை வாய்க்குத் தள்ளுகின்றன. சல்லடைக்கு நல்லது கெட்டது தெரியுமா என்ன?

கெட்டது என்றால் முதலில் நினைவுக்கு வருவது மைக்ரோசிஸ்டிஸ். நீலப்பச்சைப் பாசி என்கிறோம், உண்மையில் அது பாக்டீரியா. சாக்கடையும் உரமும் கலந்து பாஸ்பரஸ் மிகுந்த ஏரிகளில், வெயில் காலத்தில் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் படரும். இதன் பல வகைகள் சுரக்கும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக் குழாய் நீரில் இது கலந்துவிட, சுமார் 4 லட்சம் பேர் இரண்டு மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

டாஃப்னியாவுக்கு நஞ்சு மட்டும் தொல்லை இல்லை. மைக்ரோசிஸ்டிஸ் கொழகொழப்பான உறைக்குள் திரண்டு, விழுங்க முடியாத அளவுக்கு வளரும். சில வகைகள் செரிமான நொதிகளையே முடக்கிவிடும். அப்படியும் உள்ளே போனால் சத்து குறைவு: டாஃப்னியா வளரத் தேவையான ஸ்டீரால் கொழுப்பு அதில் இல்லை. நூல்போல் நீண்ட பாசிகள் வந்தால் டாஃப்னியா ஓட்டின் இடைவெளியைக் குறுக்கிக்கொள்ளும். சிக்கியதை வால்பக்க நகத்தால் உதறி எறியும். உதறும்போது நல்ல உணவும் சேர்ந்தே போய்விடும். தேர்ந்தெடுக்கத் தெரியாத பிராணிக்கு இதற்குமேல் என்ன வழி?

விடை ஐரோப்பாவில் ஒரு சேற்றுக்குள் இருந்தது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றுக்கும் நடுவே கிடக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியில் 1960களிலும் 70களிலும் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே போனது. நீலப்பச்சைப் பாசியும் பெருகியது. டாஃப்னியா வழக்கமாக ஆண் துணையின்றியே குஞ்சு பொரிக்கும். காலம் கெட்டால் மட்டும் ஆணோடு கூடி, சேண வடிவ உறைக்குள் உறங்கும் முட்டைகளை இடும். அவை ஏரியடியில் படிந்து, ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேற்றில் புதைகின்றன. பல பத்தாண்டுகள் கழித்தும் சில முட்டைகள் பொரியும்!

கார்னெல் பல்கலைக்கழகத்தின் நெல்சன் ஹேர்ஸ்டனும் ஜெர்மனியின் வின்ஃப்ரீட் லாம்பெர்ட் முதலியோரும் அந்த அடுக்குகளைத் தோண்டி எடுத்து முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். பாட்டிகளும் பேத்திகளும் ஒரே ஆய்வகத்தில், ஒரே வயதில்! இரு தலைமுறைக்கும் மைக்ரோசிஸ்டிஸ் கலந்த உணவு கொடுக்கப்பட்டது. ஏரி தெளிவாக இருந்த காலத்து முட்டைகளிலிருந்து வந்தவற்றின் வளர்ச்சி வெகுவாகக் குன்றியது. பாசி மிகுந்த 70களின் கடைசியில் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை அவ்வளவு பாதிக்கப்படவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓர் இனத்தின் தாக்குப்பிடிக்கும் திறனே மாறியிருந்தது. 1999இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. பரிணாமத்துக்கு லட்சம் ஆண்டு வேண்டும் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சிதான். ஆனால் சில வாரங்களில் ஒரு தலைமுறை கடந்துபோகும் பிராணிக்குப் பத்தாண்டு என்பது சிறிய காலமல்ல.

இன்னும் விரைவான வழியும் உண்டு. மைக்ரோசிஸ்டிஸைத் தின்று பழகிய தாய் டாஃப்னியாவின் குஞ்சுகள், அதைத் தொட்டறியாத தாயின் குஞ்சுகளைவிட நன்றாகத் தாங்குவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். தாய் பட்ட பாடு பிள்ளைக்குத் தயாரிப்பாகிறது.

அப்படியானால் தாங்கும் டாஃப்னியாவைக் கெட்ட ஏரியில் விட்டால் பாசி ஒழிந்துவிடுமா? மிச்சிகன் மாநிலத்தில், சத்து மிகுந்த ஏரிகளின் டாஃப்னியா தெளிந்த ஏரிகளின் டாஃப்னியாவைவிட நச்சுப் பாசி உணவில் நன்றாக வளர்ந்ததை ஆர்லாண்டோ சார்னெலும் ஆலன் வில்சனும் காட்டியபோது இந்த ஆசை எழுந்தது இயல்பே. குறுக்கே நிற்பது மீன். நீலப்பச்சைப் பாசியைச் சமாளித்துக் கொழுத்த பெரிய டாஃப்னியாதான் அதன் கண்ணில் முதலில் படுகிறது.