வெளிப்பாட்டு எழுத்து

வெளிப்பாட்டு எழுத்து என்பது ஒருவர் தம் வாழ்வில் நேர்ந்த துயரையோ அதிர்ச்சியையோ, அதனால் எழுந்த உணர்வுகளையும் சேர்த்து, தொடர்ந்து சில நாட்கள் எழுதும் உளவியல் பயிற்சி ஆகும். எழுதியதைப் பிறர் படிக்க வேண்டியதில்லை. எழுத்துப்பிழை, நடை ஆகியனவும் கருதப்படுவதில்லை. தன்கதையைப் பிறருக்குச் சொல்லுதலும் நூலாக வெளியிடுதலும் இதனின்று சற்று வேறானவை. இவை யாவும் மனச்சுமையைக் குறைக்கும் எனச் சேர்த்தே பேசப்பட்டாலும், அவற்றின் பயனும் இடரும் ஒன்றல்ல.

ஆய்வுகள்

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 46 கல்லூரி மாணவர்கள் நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினர். ஒரு பகுதியினருக்கு அற்பமான தலைப்புகள் தரப்பட்டன. ஏனையோர் தம் வாழ்வின் கொடிய நிகழ்வை எழுதினர். நிகழ்வையும் உணர்வையும் ஒருங்கே எழுதியோருக்கு எழுதி முடித்த உடனே மனம் மேலும் வாடியது. குருதி அழுத்தமும் கூடியது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் நோயுற்று மருத்துவ நிலையத்திற்குச் சென்ற தடவைகள் மற்றவர்களை விடக் குறைவாக இருந்தன.

1999இல் ஜோஷுவா ஸ்மித்தும் குழுவினரும் ஆஸ்துமா, முடக்குவாதம் ஆகிய நோயுடைய 112 பேரிடம் இம்முறையை ஆராய்ந்தனர். நான்கு மாதங்களுக்குப் பின் எழுதியோரின் நோய்நிலையில் முன்னேற்றம் காணப்பட்டது. எனினும் 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஜோவான் ஃபிராட்டரோலி செய்த மீளாய்வு, பயன் உண்டு, ஆனால் அது சிறிதே என்று காட்டியது.

துன்பத்தை அடக்கி வைப்பதே உடலை வருத்துகிறது, எழுதினால் அவ்வடக்கம் தளர்கிறது என்பது முதலில் தரப்பட்ட விளக்கம். பின்னர் எழுத்துகளில் பயின்ற சொற்களைக் கணக்கிட்டபோது வேறொன்று தெரிந்தது. "ஏனெனில்", "ஆகையால்", "இப்போது புரிகிறது" என்பன போன்று காரணத்தையும் தெளிவையும் சுட்டும் சொற்கள் நாளுக்கு நாள் கூடிவந்தவர்களே மிகுதியும் நலம் பெற்றிருந்தனர். அழுது தீர்ப்பதை விட, சிதறிக் கிடப்பதைக் கதையாகக் கோப்பதே முதன்மையானது எனலாம்.

திருவண்ணாமலையில்

இப்பயிற்சிக்கு நெருக்கமான மரபுகள் திருவண்ணாமலையில் சில உள்ளன. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் வாழ்வை வெறுத்து அருணாசலேசுவரர் கோயிலின் வல்லாள மகாராசன் கோபுரத்தினின்று வீழ்ந்ததாகவும், முருகன் தாங்கிக்கொண்டு பாடப் பணித்ததாகவும் செவிவழி வரலாறு கூறும். திருப்புகழில் தன்னிரக்கமும் தன்பழிப்பும் நிரம்ப உண்டு. ஆயினும் தன்னைத் தாழ்த்திப் பாடுதல் பக்தி இலக்கிய வழக்கு ஆகையால், அவற்றை அப்படியே தன்வரலாறாகக் கொள்ள இயலாது.

சூரி நாகம்மாவின் கடிதங்கள் வரலாற்றுச் சான்று உடையவை. ஆந்திரப் பகுதியில் 1902இல் பிறந்த இவர் சிறு வயதிலேயே பெற்றோரையும் பின் கணவரையும் இழந்தார். கைம்பெண்ணாக வீட்டுக்குள் ஒடுங்கி, சமய நூல்களைப் படித்தே நெடுங்காலம் கழித்தவர், 1941இல் இரமணர் ஆசிரமத்துக்கு வந்தார். அங்கு நிகழ்வனவற்றை எழுதியனுப்புமாறு தமையனார் டி. எஸ். சாஸ்திரி தூண்ட, 1945 முதல் அவருக்குத் தெலுங்கில் கடிதங்கள் எழுதினார். அவை நூலாகித் தமிழ், ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் வெளிவந்தன. கடிதங்களின் மையம் இரமணரே; நாகம்மாவின் துயரன்று. எனவே இவற்றை வெளிப்பாட்டு எழுத்து என வகைப்படுத்துவது பொருந்தாது. ஆனால் எவரிடமும் அதிகம் பேசாது வாழ்ந்த ஒரு பெண், தம் ஐயங்களையும் அச்சங்களையும் இடையிடையே நகையோடு சொல்லும் துணிவை இக்கடிதங்களில் காணலாம். தம் வாழ்க்கையை அவர் பின்னர் தனி நூலாகவே எழுதினார்.

அண்மைக் காலத்தில் இவ்வூர் எழுத்தாளர் பவா செல்லதுரை, பிறர் எழுதிய கதைகளைக் கூட்டத்தின் முன் வாய்மொழியாகச் சொல்வதால் அறியப்பட்டுள்ளார். தாம் கண்ட மனிதரையும் நிகழ்வுகளையும் "19 டி.எம். சாரோனிலிருந்து" என்னும் நூலில் எழுதியுள்ளார்.

வெளியிடுதலின் இடர்

தன்கதையை வெளியிடும்போது அது எழுதியவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. துறவற மடத்தை விட்டு வெளியேறிய பின் பாமா எழுதிய "கருக்கு" (1992) தலித் தன்வரலாற்று இலக்கியத்தின் முன்னோடி நூல். அதை எழுதியது தம் காயத்தை ஆற்றிக்கொள்ளவே என அவர் கூறியுள்ளார். ஆனால் நூல் வந்ததும் தங்களை வெளிப்படுத்திவிட்டதாக அவரது ஊரார் சினந்தனர். அச்சினம் தணியக் காலம் பிடித்தது.

பேரிடரோ விபத்தோ நேர்ந்த உடனே, பாதிக்கப்பட்டவரை ஒரே அமர்வில் நடந்ததை விரித்துச் சொல்லுமாறு வற்புறுத்துவதும் தகாது. இத்தகைய அமர்வுகள் பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் விளைக்கலாம் என்றும் மருத்துவ மீளாய்வுகள் கண்டன. உலக சுகாதார அமைப்பும் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. எழுதும்போது தாங்க இயலாத கலக்கம் ஏற்பட்டால் அத்தலைப்பை விட்டுவிடலாம் என்பதைப் பென்னபேக்கரே தம் வழிகாட்டுதலில் சேர்த்துள்ளார்.