எவாலுவேஷன் போர்டை சோதிக்க மேஜையில் என்னென்ன வேணும்?

ஒரு கன்வெர்ட்டர் ஐசியை நம்ம டிசைனில் போடுறதுக்கு முன்னாடி, அதோட எவாலுவேஷன் போர்டை வாங்கி சோதிச்சுப் பார்ப்பது வழக்கம். தேவையான கருவிகள் கொஞ்சம்தான்: டிசி பவர் சப்ளை, எலக்ட்ரானிக் லோடு, நாலு மல்டிமீட்டர், ஒரு ஆஸிலாஸ்கோப். ஆனா இதே கருவிகளை வச்சுக்கிட்டு ரெண்டு பேர் ரெண்டு விதமான முடிவுக்கு வருவாங்க. காரணம், ஒயரை எங்கே மாட்டினாங்க என்பதுதான்.

உதாரணத்துக்கு, 12 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டரை எடுத்துக்குவோம். வெளியே 9.9 வாட். செயல்திறன் 90 சதவீதம் என்றால் உள்ளே போவது 11 வாட், இழப்பு 1.1 வாட். இப்போ வோல்ட்மீட்டரை போர்டில் வைக்காம, லோடு பக்கத்து முனையில் வைக்கிறோம்னு வச்சுக்கோங்க. போக வர ரெண்டு ஒயரும் சேர்ந்து 20 மில்லிஓம் இருந்தாலே 3 ஆம்பியரில் 60 மில்லிவோல்ட் அங்கேயே போயிடும். மீட்டர் 3.24 வோல்ட் காட்டும், செயல்திறன் 88.4 ஆகிவிடும். வித்தியாசம் சின்னதாத் தெரியலாம். ஆனா இழப்பு 1.1 வாட்டிலிருந்து 1.28 வாட்டுக்கு ஏறிடுச்சு, பாருங்க. இல்லாத சூட்டுக்காக இண்டக்டரை மாத்தலாமான்னு யோசிக்க ஆரம்பிப்போம்.

அதனால வோல்ட்டேஜை எப்பவும் போர்டிலேயே, தனி ஒயரில் எடுக்கணும். பெரும்பாலான போர்டுகளில் இதுக்குன்னே சென்ஸ் முனைகள் இருக்கும். உள்ளீட்டிலும் அப்படித்தான்: அம்மீட்டரைத் தாண்டி, போர்டு முனையில். மின்னோட்டத்துக்கு ஷன்ட் ரெசிஸ்டர் வைத்தால் அதன் துல்லியத்தைப் பாருங்க. ஷன்டில் 1 சதவீதப் பிழை, இழப்புக் கணக்கில் கிட்டத்தட்ட 10 சதவீதப் பிழையாக வந்து நிற்கும்.

பவர் சப்ளையில் கரண்ட் லிமிட் வசதி கட்டாயம் வேணும். ஆனா லிமிட்டை ரொம்ப இறுக்கி வைக்கவும் கூடாது. உள்ளீடு வோல்ட்டேஜ் குறைந்தால் கன்வெர்ட்டர் அதிக கரண்ட் இழுக்கும். லிமிட்டில் முட்டினால் வோல்ட்டேஜ் இன்னும் சரியும். போர்டு எழுந்திருக்கவே திணறும். ஐசி கெட்டுப்போச்சுன்னு நினைக்க வைக்கிற கோளாறு இது. இன்னொண்ணு: உயிரோடு இருக்கிற 12 வோல்ட் ஒயரை நேராகச் சொருகாதீங்க. நீள ஒயரின் இண்டக்டன்சும் போர்டில் உள்ள செராமிக் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஊசலாடி, ஒரு கணம் 24 வோல்ட் பக்கம்கூடப் போகலாம். உள்ளீட்டில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வைத்தால் அடங்கும்.

எலக்ட்ரானிக் லோடு இல்லையென்றால் 2.2 ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ரெண்டை இணையாக வைத்தாலே 3 ஆம்பியர் கிடைக்கும். கை வைக்காதீங்க, சுடும். லோடு ஸ்டெப் சோதனைக்குத்தான் எலக்ட்ரானிக் லோடு நிஜமாவே வேணும்.

அடுத்தது ரிப்பிள். அதிகம் ஏமாத்துறது இதுதான். புரோப்போட வர்ற 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் ஒயர், நல்ல ஆன்டெனா. சுவிட்ச் மாறும் ஒவ்வொரு தடவையும் ஊசி ஊசியாக் காட்டும். ஒரு சோதனை இருக்கு: புரோப் முனையையும் கிரவுண்ட் கிளிப்பையும் சேர்த்து, போர்டின் கிரவுண்டிலேயே தொடுங்க. அப்பவும் ஊசி தெரிஞ்சா, அது அவுட்புட்டில் இல்லை, உங்க ஒயரில் இருக்கு. கிளிப்பைக் கழட்டிட்டு சின்ன கிரவுண்ட் ஸ்பிரிங் போட்டு, அவுட்புட் கெப்பாசிட்டர் மேலேயே நேராக வைங்க. ஏசி கப்ளிங், 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட். டேட்டாஷீட் படமும் பெரும்பாலும் அந்த லிமிட்டோடு எடுத்ததுதான். பக்கத்தில் ரேடியோ சர்க்யூட் வரப்போகுதுன்னா லிமிட் இல்லாமலும் ஒருமுறை பார்த்துடுங்க.

இதுவரை சொன்னது 12 வோல்ட் கதை. 230 வோல்ட் ஏசியில் நேரடியாக ஓடுற போர்டு வேற ரகம். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப், மூணு பின் பிளக் வழியா எர்த்தோடு சேர்ந்திருக்கு. அதை பிரைமரி பக்கம் மாட்டினா ஷார்ட். சில லேபில் ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை பார்ப்பதைப் பார்த்திருப்பீங்க. அப்போ ஸ்கோப்பின் உலோக உடம்பே மெயின்ஸில் இருக்கும், தொட்டவர் கதி அவ்வளவுதான். போர்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்கோப்புக்கு டிஃபரன்ஷியல் புரோப். ரெண்டும் வாங்கக் காசு இல்லையென்றால் அந்தப் போர்டின் பிரைமரி பக்கத்தை அளக்காம விட்டுடுங்க.