உத்தியோகம் கிடைத்தும் ஒட்டாத மனம்

பட்டப்படிப்பை முடித்து உத்தியோகமும் கிடைத்த பிள்ளை மகிழ்ச்சியாக இருப்பதற்குப் பதிலாக ஏன் முகம் வாடித் திரிகிறது என்று, நாம் சந்திக்கும் பெற்றோர் பலர் கேட்கின்றனர். காலையில் பஸ் ஏறிப் போகிறான். மாலையில் வந்து சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுகிறான். கம்பஸ் பொடியன்களோடு மட்டும் தொலைபேசியில் இரவிரவாகக் கதைக்கிறான். கந்தோரைப் பற்றிக் கேட்டால் "ஒண்டுமில்லை" என்பதே பதில். பெண்பிள்ளைகளிடத்திலும் இதே நிலைதான். காணியையும் கிணற்றையும் விட்டு வந்து, குத்தகை நிலத்திலும் கூலிக்கும் பாடுபட்டுப் படிப்பித்த தாய் தகப்பனுக்கு இது மனவருத்தத்தைத் தருவது இயல்பே. சிலர் இதை நன்றியில்லாத குணம் என்கின்றனர். சிலர் காதல் விவகாரமோ என்று சந்தேகிக்கின்றனர். எமது அபிப்பிராயத்தில், பெரும்பாலான வீடுகளில் இது இரண்டுமல்ல. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு துன்பமே இங்கு வேறு வடிவில் வந்திருக்கிறது.

முதலில் பல்கலைக்கழகம் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தது என்று பார்ப்போம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள். வன்னியில் வளர்ந்தவர்களோ 2009 வரை ஊர் ஊராக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாறியவர்கள். ஒரு வகுப்பில் தொடங்கிய நட்பு அடுத்த வகுப்பில் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு, வந்தாறுமூலையிலோ பேராதனையிலோ திருநெல்வேலியிலோ கழித்த நான்கு ஆண்டுகள்தாம் ஒரே இடத்தில் ஒரே ஆட்களோடு நிலைத்து இருந்த முதற் காலமாக இருக்கலாம். எல்லோரும் ஒரே பரீட்சை எழுதி வந்தவர்கள், ஏறக்குறைய ஒரே வயதினர். கையில் காசில்லாததும் எல்லோருக்கும் பொது. மகாபொல வந்த கிழமை கொத்துரொட்டி, வராத கிழமை பாணும் சம்பலும். பகிடிவதை என்ற கொடுமையும் அங்கே உண்டு. அதைத் தடை செய்ய 1998 இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே கம்பஸ் வாழ்க்கை முழுவதும் தேன் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தனக்கென்று ஓர் இடமுண்டு என்ற உணர்வு பலருக்கு அங்கேதான் முதன்முதலில் கிடைக்கிறது.

நட்பு என்பது குணத்தினால் மட்டும் வருவதன்று. அதற்கு மணித்தியாலங்கள் வேண்டும். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜெஃப்ரி ஹோல், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் பல்கலைக்கழகத்திற்குப் புதிதாக வந்த மாணவர்களையும் விசாரித்து 2018 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண சினேகிதராவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியாலமும், நண்பர் என்று சொல்வதற்கு 90 மணித்தியாலமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணித்தியாலத்திற்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கண்டார். அதிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வேலை செய்யும் நேரம் அவ்வளவு உதவுவதில்லை. சும்மா இருந்து கதைப்பதும், சேர்ந்து சாப்பிடுவதும், சிரிப்பதுமே மனங்களை நெருக்குகின்றன.

இதை எமது நாட்டு நிலைமையில் வைத்துக் கணக்குப் பார்க்கலாம். விடுதி அறையில் நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் ஒன்றாகக் கதைத்துச் சிரித்திருந்தால், 40 நாட்களில் 200 மணித்தியாலம் நிறைந்துவிடும். கந்தோரில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி, தேநீருக்குக் கால் மணி, ஆக நாளொன்றுக்கு முக்கால் மணித்தியாலம். மாதத்தில் 20 வேலை நாள் என்றால் 15 மணித்தியாலம். அதே 200 மணித்தியாலம் சேர ஓராண்டுக்கு மேல் ஆகும், அதுவும் அந்த இடைவேளை முழுவதையும் ஒரே ஆளோடு கழித்தால். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதத்தில் "எனக்கு இங்கே ஒருவருமில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

கந்தோரின் அமைப்பே வேறு. நேற்றுவரை எல்லோரும் "மச்சான்". இன்று ஒருவர் "சேர்", ஒருவர் "மிஸ்", இன்னொருவர் தகப்பனின் வயதுடைய எழுதுவினைஞர். அவர்கள் கதைப்பது பிள்ளைகளின் புலமைப்பரிசில் பரீட்சை, வீட்டுக் கடன், இடமாற்றம் பற்றி. இருபத்தைந்து வயதுப் பிள்ளை அதில் எதைச் சொல்வது? 2020 இல் பெருந்தொகைப் பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் ஓராண்டுப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டபோது, சில அலுவலகங்களில் அவர்களுக்குக் கதிரை மேசையும் போதவில்லை, கொடுக்க வேலையும் போதவில்லை. செய்ய ஒரு வேலையில்லாதவனுக்குக் கந்தோரில் கதைக்கவும் ஒரு விடயம் இல்லாது போகிறது.

எமது சமூகத்தில் இன்னுமொன்று இருக்கிறது. புதிதாக வந்தவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி "எந்த ஊர்?" என்பது. அடுத்தது "எந்தப் பள்ளிக்கூடம்?" அதற்கடுத்தது "அங்கே எந்தப் பக்கம்?" கேட்பவர் சில வேளை வெறும் பழக்கத்தில் கேட்கிறார். சில வேளை சாதியையும் வசதியையும் அளந்து பார்க்கக் கேட்கிறார். முகாமில் பிறந்த பிள்ளைக்கு இக்கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதிலில்லை. தகப்பனின் ஊரைச் சொன்னால் அந்த ஊரில் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. முகாமின் பெயரைச் சொன்னால் கேட்டவரின் முகம் மாறும். கம்பஸில் இக்கேள்வி எழவில்லை என்றல்ல, எழுந்தும் முதலாம் வருடத்தோடு தேய்ந்துவிட்டது. இப்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒட்டாமை என்று பிள்ளை சொல்வதன் பெரும்பகுதி இந்தக் கேள்வியைத் தவிர்க்க எடுக்கும் பிரயாசையே என்று நாம் நினைக்கிறோம். தவிர்ப்பதற்காகத் தேநீர் நேரத்தில் வெளியே போய் நிற்கிறது. மற்றவர்கள் அதைப் பெருமை பிடித்த குணம் என்கின்றனர்.

கொழும்புக்கோ அனுராதபுரத்திற்கோ வேலைக்குப் போனவர்களுக்கு மொழியும் சேர்ந்துகொள்கிறது. வேலைக்குத் தேவையான சிங்களம் மூன்று மாதத்தில் வந்துவிடும், ஆனால் பகிடி விளங்குவதற்கு நீண்ட காலம் செல்லும். எல்லோரும் சிரித்து முடிந்தபின் தான் மட்டும் விளங்காமல் இருப்பது சிறிய விடயமாகத் தோன்றலாம், நாளுக்கு நான்கு தடவை நடந்தால் அது சிறியதல்ல. 2007 யூலை 1 இன் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்தாண்டுக்குள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டுமென்று அவ்வாண்டுச் சுற்றறிக்கை விதித்தது. அதைப் பரீட்சைக்கான பாரமாக மட்டும் கொள்ளாமல், பக்கத்து மேசைக்காரரிடமே கேட்டுக் கேட்டுப் படிப்பது நல்ல வழி. சொல்லித் தருபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் கதை தொடங்குகிறது.

இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டிய காசு விடயம். முதற் சம்பளம் வருமுன்னே வீட்டில் அதற்குப் பங்கு பிரித்தாகிவிடும்: அடைவு நகை, தங்கச்சியின் படிப்பு, கூரைத் தகரம். தேவைகள் உண்மையானவை, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கந்தோரில் ஒருவரின் கலியாணத்திற்குக் காசு சேர்ப்பார்கள், ஒருவரின் செத்தவீட்டுக்கு வான் பிடிப்பார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள். சம்பளம் முழுவதையும் வீட்டில் கொடுத்த பிள்ளை இவற்றிலிருந்து ஒதுங்குகிறது. காரணத்தைச் சொல்ல வெட்கம். இரண்டு தரம் ஒதுங்கினால் மூன்றாம் தரம் கூப்பிட மாட்டார்கள். தோட்டத்திற்கு உரம் வாங்க ஒதுக்குவது போல இதற்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகையைப் பிள்ளையின் கையில் விடுதல் வேண்டும். அது வீண்செலவல்ல.

அடுத்தது, கம்பஸை நினைத்து ஏங்குவது. ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக எழுதி முதலில் பெயரிட்டவர் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். 1688 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் அவர் சமர்ப்பித்த ஆய்வில், பேர்ன் நகரிலிருந்து அங்கு படிக்க வந்து நோயில் விழுந்த ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்கிறார். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அவன், வழியிலேயே தேறத் தொடங்கினானாம். இன்று இதை நோய் என்று எவரும் கொள்வதில்லை. தனிமை கூடும்போது மனம் பழைய நாட்களை நினைக்கிறது, அந்த நினைவு தனக்கும் ஆட்கள் உண்டு என்ற தெம்பைத் திருப்பித் தருகிறது என்று இங்கிலாந்தின் சவுதாம்ப்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் காட்டிவருகின்றனர். ஆகவே தொலைபேசிக் கதையையும் பட்ச் நண்பனின் கலியாணத்திற்குப் போவதையும் மறிப்பது நல்லதன்று. இடம்பெயர்ந்து முப்பது வருடத்தின் பின்பும் பழைய ஊரவர் கூடினால் கிணற்றடியையும் மாமரத்தையும் பற்றி விடியும்வரை கதைக்கிறவர்கள் நாம். அதே உரிமையைப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்தானே.

"நாங்கள் பட்ட கஷ்டத்தை விடவா?" என்ற பேச்சையும் தவிர்த்தல் நல்லது. அது உண்மையே ஆனாலும் பிள்ளையின் வாயை அடைத்துவிடும். அதற்குப் பதிலாக, முகாமுக்கு வந்த முதல் மாதம் தண்ணீர் வரிசையில் ஒருவரையும் தெரியாமல் நின்றதையும், எப்போது யார் முதலில் கதைத்தார் என்பதையும் சொல்லலாம். இத்தகைய சொல்லுக்குப் பயனுண்டு. அமெரிக்காவில் வோல்ட்டன், கோஹென் என்ற இருவர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், "முதலில் எமக்கும் இப்படித்தான் இருந்தது, பிறகு மாறியது" என்று மூத்த மாணவர்கள் கூறியதைப் புதிய மாணவர்கள் வாசித்துச் சிந்தித்தனர். சுமார் ஒரு மணித்தியாலப் பயிற்சிதான். அதில் பங்குபற்றிய கறுப்பின மாணவர்களின் புள்ளிகள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன. 2023 இல் 22 கல்வி நிலையங்களின் முடிவுகள் வெளிவந்தபோது, புதியவர் ஒட்டுவதற்கு அந்த இடமும் வாய்ப்புக் கொடுத்தால்தான் இது பலிக்கும் என்பது தெரிந்தது. நாற்றில் மட்டும் குறை சொல்வதற்கில்லை, நட்ட வயலிலும் தண்ணீர் நிற்க வேண்டும். கந்தோர்களில் மூத்தவர்களாக இருக்கும் எமது உறவினர்கள், புதிதாக வந்தவரைத் தமது சாப்பாட்டு மேசைக்கு முதற் கிழமையே கூப்பிடலாம். கேள்வி கேட்பதானால் ஊரை விட்டுவிட்டு, என்ன படித்தார் என்று கேட்கலாம்.

எல்லாவற்றையும் பொறுத்துப் போ என்று நாம் சொல்ல வரவில்லை. சாதியையோ மொழியையோ சொல்லி அவமதித்தால், பெண்பிள்ளையிடம் மேலதிகாரி முறைகேடாக நடந்தால், அது ஒட்டாமை அல்ல, அநீதி. அங்கே முறைப்பாடு செய்யவும், தேவையானால் வேலையை விடவும் வீட்டார் துணை நிற்க வேண்டும். வெறும் பழக்கமின்மைதான் என்றால், ஓராண்டாவது கழியுமுன் வேலையை விடும் முடிவை எடுக்காதிருப்பது நல்லது.

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் இல்லாதிருத்தல், குடிக்கத் தொடங்குதல், வாழ்ந்து என்ன பயன் என்று பேசுதல் ஆகியன வெறும் ஏக்கம் அல்ல. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குத் தாமதியாமல் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவு பகலாகத் தமிழிலும் பேசலாம். அந்த இலக்கத்தை வீட்டில் எல்லோரும் காணும் இடத்தில் எழுதி வையுங்கள்.