உங்களுக்குத் தெரியுமா? ஈக்கடியில் தொடங்கிய சிறுநீரகக் கதை

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். சிறுநீரகம் செயலிழந்தவர்களிலோ ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அவர்களே.

•

ஆப்பிரிக்காவில் செட்சி ஈ கடித்தால் தூக்க நோய் வரலாம், அது உயிரையே வாங்கிவிடக்கூடும். அந்த நோயைத் தரும் கிருமியின் ஒரு வகையை எதிர்க்க, மேற்கு ஆப்பிரிக்கர் பலரின் உடலில் ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணு சற்றே உருமாறியது. தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டும் உருமாறியதாக வந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. 2010இல்தான் இது தெரியவந்தது. அவர்கள் வழிவந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கு இப்படி இரண்டும் உண்டு. அவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ஆனால், 'ரத்தக் கொதிப்பால் சிறுநீரகம் பழுது' என்று எழுதப்பட்ட பலருக்கு, முதலில் பழுதானது சிறுநீரகம். கொதிப்பு அதன் பின்னால் வந்தது!

•

சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை உட்பட மூன்று வகை மருந்து தந்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லையா? 'ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்' என்று பழி நோயாளி தலையில் விழும். ஆனால், அளவுமீறிச் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் காரணமாக இருக்கலாம். அதை எதிர்க்கும் ஸ்பைரோனோலாக்டோன் பழைய மாத்திரைதான்.

•

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் 2009ஆம் ஆண்டுச் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டியிருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் காலம், அந்த விடை 20க்கு இறங்கினால் எண்ணப்படத் தொடங்கும். பெருக்காமல் 18 என வருபவர், பெருக்கியதும் 21 ஆகிவிடுவார் என்ற நிலை இருந்தது. வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது. 2021இல் அந்தப் பெருக்கல் இல்லாத புதிய சூத்திரம் வந்தது. 2023 முதல், பறிபோன காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

•

லாஸ் ஏஞ்சல்ஸில் 52 முடிதிருத்தகங்கள். அழுத்தம் எகிறிய 319 கறுப்பின ஆண்கள். ஏறக்குறைய பாதிக் கடைகளில் முடிவெட்டுபவர் அறிவுரை மட்டும் சொன்னார். மீதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து, மருத்துவரின் ஒப்புதலோடு அங்கேயே மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு அறிவுரைக் கடைகளில் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27. முடிவுகள் 2018இல் வெளியாயின.