பிரிகடெய்ரோ: பகிர்ந்துண்ணப் பிறந்த இனிப்பு

உலகிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு பிரேசில். அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும், சிறுவருக்குப் புதுநன்மை என்றாலும், பிறந்தநாள் என்றாலும், விருந்து மேசையில் ஒரு பண்டம் தவறாமல் இடம்பெறும். பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டி, மேலே சாக்லேட் துகள் ஒட்டி, சிறு காகிதக் கிண்ணத்தில் வைத்த கரிய உருண்டை அது. பிரிகடெய்ரோ என்பது அதன் பெயர். மாளிகைக்கும் குடிசைக்கும் பொதுவான பண்டம் அது ஒன்றே எனலாம்.

போர்த்துக்கீசிய மொழியில் இப்பெயர் விமானப் படையின் உயர் பதவி ஒன்றைக் குறிக்கும். படைத்தலைவருக்கும் பலகாரத்துக்கும் என்ன உறவு? 1945-ஆம் ஆண்டு வர்காஸின் சர்வாதிகார ஆட்சி முடிவுற்று, டிசம்பர் 2-ஆம் நாள் பிரேசிலில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. பெண்கள் 1932-லேயே வாக்குரிமை பெற்றிருந்தனர். எனினும் குடியரசுத் தலைவரை அவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் முதன்முறையாகக் கிட்டியது. போட்டியிட்டவர்களுள் ஒருவர் விமானப்படைப் பிரிகேடியர் எடுவார்டோ கோமெஸ். இவர் 1922-இல் கோப்பகபானா கோட்டைக் கிளர்ச்சியில் காயமுற்று உயிர் தப்பியவர், திருமணம் செய்துகொள்ளாதவர், ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். அவருக்காக உழைத்த பெண்கள் இவ்வினிப்பைச் செய்து விற்றுத் தேர்தல் நிதி திரட்டினர் என்றும், அதனால் அவருடைய பதவிப் பெயரே இதற்கு நிலைத்தது என்றும் பிரேசில் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தேர்தலில் வென்றவர் துத்ரா என்பவர். ஆயினும் தோற்றவரின் பட்டமே இன்று அந்நாட்டுக் குழந்தைகளின் நாவில் வாழ்கிறது. தென்கோடி மாநிலமாகிய ரியோ கிராண்டே டோ சூலில் மட்டும் இதற்கு வேறு பெயர் வழங்குகிறது.

இதன் மூலப் பொருள் சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டின்பால். 1921-இல் சாவோ பாவுலோ மாநிலத்து அராராஸ் நகரில் டின்பால் ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. அதன்பின் குளிர்பெட்டி இல்லாத எளிய வீடுகளிலும் பால் இனிப்புச் செய்வது எளிதாயிற்று.

செய்முறை கடினமன்று. ஏறத்தாழ 400 கிராம் டின்பால், மூன்று மேசைக்கரண்டி சலித்த கோக்கோத்தூள், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் ஆகியவை போதும். அடிகனமான பாத்திரத்தில் மூன்றையும் இட்டு, அடுப்பில் ஏற்றுமுன்னரே கட்டியில்லாமல் கலக்க வேண்டும். பிறகு இளந்தீயில் வைத்து, மரக்கரண்டியால் அடிமுழுதும் படும்படி விடாமல் கிளற வேண்டும். பத்து முதல் பதினைந்து நிமிடங்களில் கலவை திரண்டு, அல்வாவைப்போல் பாத்திரத்தை விட்டு விலகி வரும். பாத்திரத்தைச் சாய்த்தால் கலவை ஒரே திரளாக வழுக்கி இறங்க வேண்டும், அதுவே பதம். முன்னதாக இறக்கினால் உருட்ட வராது. அதைக் கரண்டியால் வழித்து உண்பதும் அங்கு வழக்கமே. பதம் கடந்தால் உருண்டை இறுகிக் கடினமாகும்.

வெண்ணெய் தடவிய தட்டில் கலவையைக் கொட்டி, நன்கு ஆறவிட வேண்டும். கையிலும் சிறிது வெண்ணெய் தடவி உருட்டி, சாக்லேட் துகளில் புரட்டி எடுத்தால் இருபத்தைந்து உருண்டைகள் வரை கிடைக்கும்.

இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. கோக்கோவுக்குப் பதில் தேங்காய்த் துருவல் சேர்த்து, உச்சியில் ஒரு கிராம்பு குத்தினால் அது பெய்ஜீன்யோ. 'சிறு முத்தம்' என்பது பொருள். நிலக்கடலைப் பொடி சேர்த்து முந்திரிப்பழ வடிவில் பிடித்தால் அது கஜுசீன்யோ. முந்திரி மரம் பிரேசில் மண்ணுக்கே உரியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரே அதை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். இலங்கைத் தமிழர் கஜு என்று வழங்கும் சொல்லும் அந்நாட்டுப் பழங்குடியினர் மொழியிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக வந்ததே.

இனிப்பைப் பேணும் முறையையும் அறிதல் நலம். காற்றுப்புகாத மூடியிட்ட பெட்டியில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் இரண்டு நாள் வைக்கலாம். வெப்பம் மிகுந்த ஊர்களில் குளிர்பெட்டியே ஏற்றது. அதில் ஒரு வாரம் கெடாதிருக்கும். உண்பதற்கு அரைமணி நேரம் முன்னதாக வெளியே எடுத்தால் மென்மை திரும்பும். மறுநாள் விருந்தென்றால், கலவையை உருட்டாமல், அதன் மேற்பரப்பைத் தொடும்படி வெண்ணெய்த்தாள் மூடி வைக்கலாம். ஆடை படியாது.

இத்தனை இனிமைக்குப் பின்னே கசப்பான வரலாறும் உண்டு. பிரேசிலின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வியர்வையும் குருதியும் சிந்தினர். 1888-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள்தான் அந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. கோக்கோ விளையும் தென் பாகியா பகுதியில், 'சூனியக்காரியின் துடைப்பம்' என்று பெயர்பெற்ற பூஞ்சணநோய் 1989-இல் தோன்றித் தோட்டங்களை அழித்தது. கூலியாட்கள் பெருந்திரளாய் வேலையிழந்து நகரங்களின் சேரிகளுக்குக் குடிபெயர்ந்தனர். நாவில் கரையும் ஒவ்வோர் உருண்டையிலும் முகமறியாத உழைப்பாளி ஒருவரின் பங்கு கலந்திருக்கிறது. உண்ணுமுன் நாம் சொல்லும் நன்றிச் செபத்தில் அவருக்கும் இடமளிப்பது நீதியன்றோ?

இன்று அந்நாட்டில் வேலையற்ற தாய்மார் பலருக்கு இவ்வினிப்பே வாழ்வளிக்கிறது. சமையலறையில் விடியுமுன் கிளறி, பெட்டிகளில் அடுக்கி, அலுவலக வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். ஒருபுறம் பெருநகரக் கடைகள் விலையுயர்ந்த சாக்லேட் சேர்த்து இதனை ஆடம்பரப் பண்டமாக்கியிருக்கின்றன. ஆயினும் வீட்டு விழாவில் பழைய வழக்கம் மறையவில்லை. விழாவுக்கு முந்திய மாலையில் பாட்டி கிளற, அத்தைமார் உருட்ட, சிறுவர் துகளில் புரட்டுவர். மறுநாள் வாழ்த்துப் பாடல் முடியுமுன்னரே மேசையிலிருந்து ஒன்றிரண்டு உருண்டைகள் மறைந்துவிடும். பெரியோரும் காணாதவர்போல் இருந்துவிடுவர்.

பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்கள் மறுநாளுக்கென்று சேர்த்து வைத்த மன்னா புழுத்துப்போயிற்று என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. பிரிகடெய்ரோவும் நெடுநாள் பதுக்கி வைக்கத் தக்கதன்று. அதன் சுவை பகிர்வில்தான் இருக்கிறது. விலைகொடுத்து வாங்கும் இனிப்பில் சுவை குறைவென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு குடும்பம் கூடி உட்கார்ந்து உருட்டும் அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. வரும் திருநாளில் ஒரு தட்டு உருட்டுங்கள். முதல் பங்கைக் கொண்டாட வழியற்ற அண்டை வீட்டுக்கு உங்கள் பிள்ளைகளின் கையாலேயே கொடுத்தனுப்புங்கள்.