ஓரிணைப்பும் பல கணினிகளும்

ஒரே வீட்டில் நான்கைந்து கருவிகள் ஒரே வேளையில் இணையத்தை நாடும் நிலை இன்று நம் நாட்டு நகரங்களிலும் சிற்றூர்களிலும் காணப்படுகின்றது. தந்தையார் மடிக்கணினியில் அலுவலகக் கணக்கைப் பார்ப்பார். தமக்கை தொலைவிலுள்ள ஆசிரியரிடம் பாடங் கேட்பாள். தம்பி திரைப்படங் காண்பான். பாட்டியார் கடல் கடந்து வாழும் மகனோடு முகம் பார்த்து உரையாடுவார். இத்துணைப் பேருக்கும் பொதுவாக வீட்டினுள் வருவதோ ஒரே ஒரு கம்பி அல்லது கண்ணாடியிழை. ஓரிழை பலர்க்கு எங்ஙனம் பயன்படுகின்றது? ஒருவர்க்குரியது மற்றொருவரிடம் மாறிச் செல்லாமற் காப்பது யாது? ஒருவர் மிகுதியாய் எடுத்துக்கொண்டால் ஏனையோர் நிலை என்னாகும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை அறிதல் வெறும் பொழுதுபோக்கன்று. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, வகுப்பறையும் அலுவலகமும் ஒருங்கே இல்லத்தினுள் வந்து சேர்ந்தன. ஓரிணைப்பையே நம்பிய இல்லங்களில் ஒருவருடைய பாடம் மற்றொருவருடைய வேலையால் இடையறுந்தது. கூடுதற் கட்டணம் செலுத்தி விரைவை மிகுத்தலொன்றே அதற்கு மருந்தென்று பலர் கருதினர். பாடம் இடையறுதற்குக் காரணம் விரைவின் குறை மட்டுமன்று. பங்கீட்டின் குறையுமாம் என்பது பின்வருவனவற்றாற் புலப்படும்.

1. முகவரிப் பஞ்சம்

இணையத்திற் செல்லும் செய்தி எதுவும் ஒரே தொடராய்ச் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டுச் செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். இவை ஐ.பி. முகவரி எனப்படும். 1981-ஆம் ஆண்டில் வெளியான விதிப்படி இம்முகவரி 32 பிட் அளவினது. ஒவ்வொரு பிட்டும் இரண்டிலொன்றாய் இருக்கக் கூடுமாதலின், 32 பிட்டுகளால் ஆக்கத்தக்க முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 ஆகும். ஆராய்ச்சிக் கூடங்களும் பல்கலைக் கழகங்களும் மட்டுமே இணையத்தைப் பயன்படுத்திய அந்நாளில் இத்தொகை அளவிறந்ததாய்த் தோன்றிற்று. மாந்தர் ஒவ்வொருவர்க்கும் ஒன்றெனக் கொடுப்பினும் இன்று அது போதாது என்பது வெளிப்படை.

பஞ்சம் வருமென்பதை அறிஞர் முன்னரே உணர்ந்தனர். முகவரிகளை உலகத்துக்குப் பகிர்ந்தளிக்கும் பொது நிலையத்தின் களஞ்சியம் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் வெறுமையாயிற்று. எனினும் இணையம் நின்றுவிடவில்லை. அதற்குக் காரணம், ஒரு முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு சூழ்ச்சி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நடைமுறைக்கு வந்திருந்தமையே. வீட்டிணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்வதும் அச்சூழ்ச்சியினாலேயாம்.

2. அறை எண்ணும் விடுதி எழுத்தரும்

மாணவர் விடுதியொன்றை எண்ணுக. அதில் 12-ஆம் எண்ணுள்ள அறை உண்டு. அடுத்த ஊர் விடுதியிலும் 12-ஆம் அறை உண்டு. ஆகவே, 'அறை 12' என்று மட்டும் எழுதி அஞ்சலிற் சேர்த்த மடல் எவரிடத்தும் சென்று சேராது. ஆயினும் விடுதிக்குள்ளே அவ்வெண் ஒன்றே போதும். யாதொரு மயக்கமும் நேராது.

இவ்வாறே, உள்ளிடங்களில் மட்டும் வழங்குதற்கெனச் சில முகவரிகளை 1996-ஆம் ஆண்டு விதியொன்று ஒதுக்கி வைத்தது. 192.168 என்று தொடங்குவன அவற்றுட் பலரும் கண்டிருக்கக் கூடியவை. 10 என்று தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குவனவும் அவ்வினத்தனவே. இம்முகவரி எத்துணை வீடுகளில் வேண்டுமாயினும் இருக்கலாம். ஆனால் பொது இணையத்தில் இதற்கு இடமில்லை. வீட்டிலுள்ள ரௌட்டர் என்னும் வழிப்படுத்தும் பெட்டி, புதிதாய் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் இவற்றுளொன்றைக் குறித்த காலத்திற்குத் தானே வழங்குகின்றது.

இனி, உள்முகவரியுடைய கணினி வெளியுலகோடு பேசுமாறு எங்ஙனம்? விடுதி எழுத்தர் செய்வதையே ரௌட்டர் செய்கின்றது. முகவரி மாற்றம் என்னும் இம்முறையை விளக்கும் விதியுரை 1994-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம்.

தந்தையார் கணினி 192.168.1.2 என்றும், தமக்கையார் கணினி 192.168.1.3 என்றும் கொள்க. இருவரும் ஒரே நூலகத்தின் பக்கத்தை ஒரே வேளையிற் கேட்கின்றனர். ஒவ்வொரு பொதியிலும் முகவரியோடு போர்ட் என்னும் வாயில் எண்ணொன்றும் உண்டு. அது 65,535 வரை செல்லும். தந்தையார் பொதி 40,000 என்னும் வாயிலெண்ணோடு ரௌட்டரை அடைகின்றது. ரௌட்டர் அதன் உள்முகவரியை நீக்கி, வீட்டிற்குரிய ஒரே வெளிமுகவரியை எழுதி, வாயிலெண்ணை 50,001 என மாற்றி, அம்மாற்றத்தைத் தன் ஏட்டிற் பதிந்துகொண்டு வெளியே விடுகின்றது. தமக்கையார் பொதிக்கு 50,002 என எழுதிப் பதிந்துகொள்கின்றது. நூலகத்திலிருந்து விடை வருங்கால், 50,001-க்கு வந்தது 192.168.1.2-க்கு உரியதென்றும், 50,002-க்கு வந்தது 192.168.1.3-க்கு உரியதென்றும் ஏட்டைப் பார்த்து முகவரியைத் திருப்பி எழுதி உள்ளே அனுப்புகின்றது. நூலகத்தின் கண்ணுக்கோ, ஒரே வீட்டிலிருந்து ஒரே கணினி இரண்டு வினாக்களைக் கேட்டாற்போலத் தோன்றும். இச்செயல் ஒரு நொடியிற் பல்லாயிரம் முறை நிகழ்கின்றது.

முதற்கண் இவ்வேலைக்குத் தனிப்பெட்டி எல்லா வீடுகளிலும் இருந்ததில்லை. தொலைபேசிக் கம்பியோடு இணைந்த கணினியொன்றே ஏனைய கணினிகளுக்கு வாயிலாய் நின்றது. விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பில் 1999-ஆம் ஆண்டில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. அதன் குறை யாதெனின், வாயிலாய் நின்ற கணினியை அணைத்தால் வீடு முழுவதற்கும் இணைப்பு அற்றுப்போம். எப்பொழுதும் விழித்திருக்கும் சிறு பெட்டி அக்குறையைத் தீர்த்தது. நம் கைப்பேசியின் இணைப்பை மடிக்கணினிக்கு வழங்கும் 'ஹாட்ஸ்பாட்' என்பதும், கைப்பேசியே ரௌட்டராய் நின்று தன் இணைப்பைப் பகிர்தலேயன்றி வேறன்று.

3. கம்பியும் காற்றும்

ரௌட்டரிலிருந்து கணினி வரை செல்லும் வழி இரண்டு. ஒன்று ஈதர்நெட் கம்பி. மற்றொன்று வை-ஃபை என்னும் வானலை. கம்பி 100 மீட்டர் வரை தளர்வின்றிச் செல்லும். ஒருவர் கம்பி மற்றவர் கம்பிக்கு இடையூறு செய்வதில்லை. வானலையோ அவ்வாறன்று. ஓர் அலைவரிசையில் ஒரு வேளையில் ஒரு கருவியே பேசக்கூடும்; ஏனையவை அது முடியுமளவும் செவிசாய்த்துக் காத்திருத்தல் வேண்டும். தொலைவான அறையில் சுவர்களுக்கு அப்பாலிருக்கும் கருவி மெதுவாகவே பேசவல்லது. அது பேசி முடிக்க நெடுநேரமாதலின், அருகிலுள்ள விரைவான கருவியும் உடன் தளர்கின்றது. ஒருவர் அமர்ந்திருக்கும் இடம் மற்றவர் விரைவையும் குறைக்கும் என்பதைப் பலர் அறியார்.

ஆகலின் ரௌட்டரை இரும்பு அலமாரிக்குள்ளும் மூலையிலும் மறைத்து வைத்தல் தகாது. வீட்டின் நடுவே சற்று உயரத்தில் வைத்தலே நன்று. இடம் பெயராத கணினியையும் தொலைக்காட்சியையும் கம்பியாற் பிணித்துவிட்டால், வானலை ஏனையோர்க்கு எஞ்சும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் கடந்து நெடுந்தொலை செல்லும். ஆயினும் அண்டை வீட்டாரும் அதனையே மிகுதியும் பயன்படுத்துவதால் நெருக்கம் மிகுதி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது, சுவர்முன் தளர்வது. அறைக்கேற்ப இவற்றைத் தேர்ந்துகொள்க.

4. மேல்மடையும் கடைமடையும்

நிற்க. பங்கீட்டின் உயிர்நிலையை இனி ஆராய்வாம். ஏரிப் பாசனத்தில் மதகுக்கு அருகிலுள்ள வயலுக்கு நீர் எளிதிற் பாயும். முறை வகுத்துப் பாய்ச்சுவார் இல்லையெனிற் கடைமடை காயும். ஏரியில் நீர் இருந்தும் பயிர் வாடுதல் முறையின்மையின் விளைவன்றோ? இணைப்பிலும் இத்தகைய நிலையுண்டு.

தம்பி தான் எடுத்த நிழற்படங்களை எல்லாம் மேலேற்றத் தொடங்குகின்றான் என்க. கணினி பொதிகளை ரௌட்டருக்கு மிக்க விரைவில் அனுப்பும்; ரௌட்டரோ வெளிக்கம்பியின் அளவிற்கேற்பவே அவற்றை அனுப்பவல்லது. எஞ்சிய பொதிகள் வரிசையில் நிற்கும். வெளிச்செல்லும் விரைவு நொடிக்கு 1 கோடி பிட் என்றும், வரிசையில் நிற்பது 80 இலட்சம் பிட் என்றும் கொண்டால், அவ்வரிசை கழிய 0.8 நொடி ஆகும். அவ்வேளையில் தமக்கையாரின் குரலைத் தாங்கிய சிறு பொதி வந்தால், அதுவும் அவ்வரிசையின் கடைசியிலேயே நிற்கும். அவள் சொன்ன விடை ஆசிரியரைச் சேருதற்குள் அவர் அடுத்த மாணவியை வினவியிருப்பார். அஃதன்றியும், இறக்குவோர் ஒவ்வொருவரும் 'பெற்றுக்கொண்டோம்' என்னும் சிறு பொதிகளை அனுப்பிக்கொண்டேயிருத்தல் வேண்டும். அவையும் அவ்வரிசையிற் சிக்குதலால், வீட்டினுள் வரும் ஓட்டமும் தளர்ந்துவிடுகின்றது. மேலேற்றம் ஒன்றே செய்தவன் ஒருவன், இடர்ப்படுவோர் அனைவரும்!

இதற்கு மருந்து பெரிய கம்பியன்று, செவ்விய வரிசையாம். 2012-ஆம் ஆண்டில் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்ஸன் என்னும் அறிஞர் இருவர் 'கோடெல்' என்னும் முறையை வெளியிட்டனர். பொதிகள் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்பதை அது நோக்கி, காத்திருப்பு நீண்டு நிலைக்குமாயின் சில பொதிகளை விடுத்து, அனுப்பும் கணினி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளச் செய்கின்றது. இதனோடு ஒவ்வோர் ஓட்டத்திற்கும் தனி வரிசை வகுத்து, முறைமுறையாய் வழிவிடும் ஏற்பாட்டையும் சேர்த்த விதி 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தம்பியின் ஆயிரம் பொதிகள் காத்து நிற்பினும், தமக்கையாரின் ஒரு பொதி தன் முறையில் உடனே வெளியேறும். இவ்வசதியுடைய ரௌட்டரில், வெளிக்கம்பியின் முழு அளவிற்குச் சற்றுக் குறைவாக விரைவை வரையறுத்து வைத்தல் வேண்டும். அப்போதுதான் வரிசை நம் ஆட்சிக்குட்பட்ட பெட்டியிலேயே உண்டாகும். இவ்வசதி இல்லாதவிடத்து, பெரிய ஏற்றங்களை இரவில் வைத்துக்கொள்ளும் வீட்டு ஒப்பந்தமே போதும். அதற்குச் செலவு இல்லை.

5. ஒரு முகவரியின் பொறுப்பு

பல கணினிகளும் வெளியார்க்கு ஒன்றாய்த் தோன்றும் என்றோம். அதன் பயனாய், அவ்விணைப்பின் வழியே எவர் எதைச் செய்யினும், அது வீட்டாருடைய முகவரியின் மேலேயே சாரும். கடவுச்சொல் இல்லாது திறந்துகிடக்கும் வை-ஃபையை வழிப்போக்கன் ஒருவன் தீய செயலுக்குப் பயன்படுத்தினால், வினவப்படுவோர் இணைப்புக்குரியோரே ஆவர். ஆகவே கதவைப் பூட்டுதல் இன்றியமையாதது. டபிள்யூ.இ.பி. என்னும் பழைய பூட்டு எளிதில் உடைபடும் என்பது 2001-ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது, அதனைக் கைவிடுக. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்பவற்றுள் ஒன்றைக் கொள்க. விருந்தினர்க்குத் தனி வலையமைத்தல் பல ரௌட்டர்களிற் கூடும். நம் கணினிகளை அவர்க்குத் திறவாமலே இணையத்தை மட்டும் வழங்குதற்கு அது துணையாம்.

ரௌட்டரை ஆளும் கடவுச்சொல் வேறு, வை-ஃபைக் கடவுச்சொல் வேறு என்பதையும் நினைவிற் கொள்க. 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல், விற்பனையின்போது அமைத்த கடவுச்சொல்லை மாற்றாதுவிட்ட ரௌட்டர்களையும் காமிராக்களையும் பெருந்தொகையாய்க் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டே அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் புகழ்பெற்ற பல தளங்கள் எட்டாதபடி செய்யப்பட்டன. அக்கருவிகளின் உடையவர்க்குத் தம் வீட்டுப் பெட்டி பிறர்க்கு ஆளாய் உழைத்தது தெரிந்திருக்கக் காரணமில்லை.

முகவரி மாற்றத்தால் ஒரு காப்பும் ஓர் இழப்பும் உண்டு. வெளியிலிருந்து தானாக வரும் பொதிக்கு ஏட்டிற் பதிவில்லாமையால் ரௌட்டர் அதனைத் தள்ளிவிடும், இது காப்பு. ஆயின், நம் வீட்டுக் கணினியிலேயே ஒரு தளத்தை அமைத்து உலகத்தார்க்கு வழங்க விரும்பினும் அப்பொதிகள் உள்ளே புகா, தனியே வழி வகுத்தாலன்றி, வீடு கேட்டுப் பெறும் இடமாகவே அமைந்துவிடும், இது இழப்பு. மேலும் இணைப்பு நிறுவனங்கள் சில, பல வீடுகளுக்கும் சேர்த்தே ஒரு வெளிமுகவரியை வழங்குகின்றன. அவ்விடத்து வீட்டார் வகுக்கும் வழியும் பயன்படாது.

இவ்விழப்பை நீக்க வந்ததே ஐ.பி. ஆறாம் பதிப்பு. அதன் முகவரி 128 பிட் அளவினது. ஆக்கத்தக்க முகவரிகளின் தொகையோ 39 இலக்கங் கொண்ட பேரெண். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகறி முகவரி வழங்கலாம். ஒன்றைப் பலர் மறைந்து பகிர வேண்டுவதில்லை. காவல் மட்டும் ரௌட்டரிலுள்ள தடுப்பு விதிகளைச் சார்ந்தது.

முகவரிப் பஞ்சம் இங்ஙனம் நீங்கினும், கம்பியின் அளவும் வானலையின் நேரமும் என்றும் பொதுவாகவே இருக்கும். அவற்றை மதகருகில் இருப்போனே கொள்ளுதல் முறையன்று. நம் வீட்டில் எவருடைய பொதி கடைசியில் நிற்கின்றது என்பதை ஒருமுறை நோக்குவோமாயின், ரௌட்டரை எங்கே வைத்தல் வேண்டும், எக்கருவியைக் கம்பியாற் பிணித்தல் வேண்டும், எவ்வேலையை இரவிற்குத் தள்ளுதல் வேண்டும் என்பன தாமே விளங்கும். விரைவை விலை கொடுத்து வாங்குதல் அதன் பின்னரே செய்யத்தக்கதாம்.